பரீட்சைக்கு வராததை ஏன் படிப்பிக்கிறீர்கள் என்று கேட்ட வாப்பாவுக்கு



கொஞ்சம் நீண்ட பதிவு. கணினி தெரியாதவர்களும் வாசிக்கலாம், விளங்கும்படிதான் எழுதப் பார்க்கிறேன்.

போன கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது எங்கள் மாணவி ஒருத்தியின் வாப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். "சேர், கோவிக்கக் கூடாது. பிள்ளை ரெண்டு கிழமையா கறுப்புத் திரையில என்னமோ அடிச்சுக்கொண்டு இருக்கிறா. கேட்டா இம்போர்ட்டாம், ஆர்கியுமென்டாம். பாஸ்ட் பேப்பர்ல அது இல்லையாமே? ஏ.எல்.லுக்கு எட்டு மாசம்தான் கிடக்கு." பக்கத்தில் நின்ற இரண்டு மூன்று பேரும் தலையை ஆட்டினார்கள். அவர்களுக்கும் அதே கேள்வி இருந்திருக்கிறது, கேட்டது இவர்.

நான் கோவிக்கவில்லை. நியாயமான கேள்வி. இந்த நாட்டில் ஒரு பிள்ளையின் தலைவிதியை இசட் புள்ளி என்ற ஒரு எண் எழுதுகிறது. தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் முதல் பத்திரம் 50 பல்தேர்வு வினாக்கள், இரண்டாம் பத்திரம் எழுத்து. இரண்டும் காகிதம். பைதன் மொழியில் செய்நிரல் எழுதச் சொல்வார்கள், பிள்ளை பேனையால் எழுதும். அது ஓடுமா ஓடாதா என்பதைத் திருத்துகிறவர் கண்ணால் பார்த்துச் சொல்வார். இப்படி ஒரு பரீட்சைக்கு ஆயத்தப்படுத்தும் ஆசிரியர் இரண்டு கிழமையை வேறு எங்கோ செலவழித்தால் பெற்றோர் கேட்கத்தான் வேண்டும். பள்ளி வாசலில் வைத்து இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இருக்கவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பிள்ளைகள் பைதனை எப்படிப் படிக்கிறார்கள் என்பதை முதலில் சொல்கிறேன். ஓ.எல்.லில் பஸ்கால் படித்துவிட்டு வருகிறார்கள். ஏ.எல்.லில் பைதன். ஐந்து எண்களைக் கூட்டு, பெரியதைக் கண்டுபிடி, வரிசைப்படுத்து, ஒரு பட்டியலில் தேடு. எல்லாம் தேவையானவை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் கவனித்துப் பாருங்கள், இந்தச் செய்நிரல்கள் எல்லாம் தனித்தீவுகள். வெளியிலிருந்து ஒன்றும் உள்ளே வராது. உள்ளிருந்து ஒன்றும் வெளியே போகாது. எழுதிய பிள்ளையைத் தவிர இன்னொருவர் அதைப் பாவிக்க மாட்டார். கொப்பியில் பிறந்து கொப்பியிலேயே மௌத்தாகிவிடும்.

அந்தத் தீவுக்கு இரண்டு பாலங்கள் இருக்கின்றன. மற்றவர்கள் எழுதியதை உள்ளே கொண்டு வருவது ஒன்று, அதற்குப் பெயர் இம்போர்ட். செய்நிரலை ஓடவிடுகிற நேரத்திலேயே வெளியிலிருந்து அதற்கு விபரம் கொடுப்பது மற்றது, அதற்குப் பெயர் கட்டளை வரி ஆர்கியுமென்ட். பிள்ளை இரண்டு கிழமை அடித்துக்கொண்டிருந்தது இந்த இரண்டையும்தான். ஏன் இப்போது என்றால், அதற்கு ஒரு காரணம் எங்கள் கையில் வந்து விழுந்தது.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி எங்கள் ஆட்கள் இரண்டு மணி நேரத்தில் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகவேண்டி வந்ததை இங்கே திரும்ப விபரிக்கத் தேவையில்லை, இதை வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு புத்தளத்தில் இருந்த காலத்தில், 2002 சமாதான காலத்தை ஒட்டி, எங்கள் ஆட்களில் சிலர் மூத்தவர்களிடம் கேட்டுக் கேட்டு ஒரு பட்டியல் தயாரித்தார்கள். எந்த ஒழுங்கை, எத்தனையாம் இலக்க வீடு, குடும்பத் தலைவர் யார், பிள்ளைகள் எத்தனை பேர், இப்போது எங்கே இருக்கிறார்கள். சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேர் இன்று இல்லை. அந்தப் பட்டியல் ஒரு பழைய சிடியில் இருந்தது. அதைப் பத்திரமாக வைத்திருந்த ஒரு ஹாஜியார் போன நோன்பு காலத்தில் என்னிடம் தந்து, "சேர், இதைத் திறந்து பாருங்க, எங்கட வீட்டுக் கொம்பியூட்டர்ல எல்லாம் இங்கிலீசா உளறுது" என்றார்.

திறந்தேன். 43 கோப்புகள். எல்லாம் பாமினி.

பாமினி என்றால் என்ன என்று இளம் பிள்ளைகளுக்குத் தெரியாது. யுனிகோட் எங்கள் பக்கம் பரவுவதற்கு முன்னர் இலங்கையில் தமிழ் தட்டச்சு என்றால் பெரும்பாலும் பாமினி எழுத்துருதான். கலியாண அழைப்பிதழ், பாடசாலை வினாத்தாள், விளையாட்டுப் போட்டி மலர் எல்லாம் அதிலேதான். அது ஒரு கண்கட்டு வித்தை. திரையில் அம்மா என்று தெரியும். கோப்புக்குள் உண்மையில் இருப்பது ஆங்கில எம், கே, ஒரு அரைப்புள்ளி, பிறகு கே, எச். எழுத்துரு அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான். பாமினி இல்லாத கணினியிலோ கைபேசியிலோ திறந்தால் முகமூடி கழன்றுவிடும். அதைவிடப் பெரிய பிரச்சினை, தேட முடியாது. ஹமீது என்று தேடினால் ஹமீது அங்கே இல்லை. கோப்பில் நூறு ஹமீது இருந்தாலும் இல்லை.

ஆக, எங்கள் ஒழுங்கைகளும் வீடுகளும் பெயர்களும் 43 கோப்புகளில் இருந்தன, ஆனால் கணினிக்கு அதில் ஒரு தமிழ் எழுத்துகூடத் தெரியாது. அடுத்த நாள் அதை வகுப்புக்குக் கொண்டு போனேன்.

பாமினியை யுனிகோட் ஆக்கப் பல வழிகள் உண்டு. சுரதா செய்த பொங்குதமிழ் மாற்றியை எங்களில் பலர் பாவித்திருப்போம், இப்படியான ஆட்கள் சம்பளம் வாங்காமல் தமிழுக்குச் செய்தது பெரிய உதவி. ஒரு பக்கம் இரண்டு பக்கம் என்றால் வெட்டி ஒட்டி மாற்றிவிடலாம். 43 கோப்புகளை வெட்டி ஒட்டப் போனால் எங்கே விட்டோம் என்று தெரியாமல் போகும். இன்னொன்று, அந்தப் பட்டியலில் தேசிய அடையாள அட்டை இலக்கங்கள் இருக்கின்றன. யார் நடத்துகிறார்கள் என்று தெரியாத இணையத்தளத்தில் ஏற்றுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. எங்கள் கணினியில், எங்கள் கண் முன்னால் நடக்கவேண்டும்.

முதலில் ஒரு மாணவன் சொன்னான், "சேர், நாங்களே எழுதுவம். எம் வந்தா அ, கே வந்தா ம." சரி எழுது என்று விட்டேன். இரண்டு பாடவேளை போனது. கொம்பு எழுத்துக்கு முன்னால் வருகிறது, துணைக்கால் பின்னால் வருகிறது, கொ என்றால் இரண்டு பக்கமும் வருகிறது, ஸ்ரீ தனி, கூ தனி. அவனுடைய அட்டவணை நீண்டுகொண்டே போனது, பிழையும் நீண்டுகொண்டே போனது. அந்த இடத்தில்தான் இம்போர்ட்டைச் சொல்லிக் கொடுத்தேன். வேறு எந்த இடத்தில் சொல்லியிருந்தாலும் அவனுக்கு அதன் அருமை விளங்கியிருக்காது.

ஓப்பன்-தமிழ் என்று ஒரு தொகுப்பு இருக்கிறது. எழில் என்ற தமிழ் நிரலாக்க மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் அவரோடு சேர்ந்தவர்களும் எழுதி, யாரும் இலவசமாகப் பாவிக்கலாம் என்று பொதுவில் விட்டது. பாமினி மட்டுமல்ல, டிஸ்கி, டாப், டாம், பழைய பத்திரிகைகளின் எழுத்துருக்கள் என்று ஒரு வரிசையையே யுனிகோட் ஆக்கும் சார்புகள் அதற்குள் இருக்கின்றன. கைபேசி இணையத்தைக் கணினிக்குக் கொடுத்து "பிப் இன்ஸ்டோல் ஓப்பன்-தமிழ்" என்று ஒரு வரி. பிறகு செய்நிரலின் தலையில் ஒரு வரி (எழுதுவது ஆங்கிலத்தில், இங்கே உச்சரிப்பைத் தருகிறேன்):

ஃப்ரொம் தமிழ்.டிஎக்ஸ்டி2யுனிகோட் இம்போர்ட் பாமினி2யுனிகோட்

இரண்டு பாடவேளை மல்லுக்கட்டிய பையன் அந்த வரியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே சேர்."

கலியாண வீட்டுக்குச் சமைக்கிறதற்காக யாரும் கிடாரம் வார்க்கப் பழகுவதில்லை, வாடகைக்கு எடுக்கிறோம். இம்போர்ட்டும் அப்படித்தான். ஆனால் கிடாரம் யாருடையது, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுக்கிறோம் அல்லவா. பிப்பில் பிரபலமான தொகுப்புகளின் பெயரை ஓரெழுத்து மாற்றிக் கெட்ட செய்நிரல்களை ஏற்றி வைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அதனால் பெயரை எழுத்துக்கு எழுத்துச் சரிபார்க்கவேண்டும், யார் எழுதியது, எங்கே கிடக்கிறது என்று பார்க்கவேண்டும். இதையும் அதே பாடத்தில்தான் சொன்னேன். கைபேசியில் கண்ட கண்ட லிங்கை அழுத்தும் பெரியவர்களுக்கும் இது நல்ல பாடம்.

அந்தத் தொகுப்பை வைத்தே இன்னொரு வேடிக்கையும் காட்டினேன். யாழ்ப்பாணம் என்ற சொல்லில் எத்தனை எழுத்து? பிள்ளைகள் விரல்விட்டு எண்ணினார்கள்: யா, ழ், ப், பா, ண, ம். ஆறு. பைதனின் சொந்தச் சார்பைக் கேட்டால் 11 என்கிறது. புள்ளியையும் துணைக்காலையும் தனித்தனியாக எண்ணுகிறது. ஓப்பன்-தமிழைக் கேட்டால் ஆறு என்கிறது. பைதனை 1991இல் வெளியிட்ட கைடோ வான் ரொஸம் நெதர்லாந்துக்காரர், யாழ்ப்பாணத்தை எப்படி எண்ணுவது என்று அவர் யோசிக்க வேண்டிய தேவை இல்லை. யோசிக்க வேண்டியவர்கள் யோசித்து எழுதி வைத்திருக்கிறார்கள். அதைக் கொண்டு வருகிற வரிதான் இம்போர்ட். அந்தப் பாடத்துக்குப் பிறகு ஒரு பிள்ளை கேட்டாள், "அப்ப நாங்களும் ஒண்டு எழுதி மற்ற ஆக்களுக்கு விடலாமா சேர்?" விடலாம். ஒரு பைதன் கோப்பை எழுதிவிட்டால் அதுவே ஒரு மொடியூல்தான், இன்னொரு கோப்பு அதை இம்போர்ட் செய்யலாம். அந்தக் கேள்விக்கு எந்த வினாத்தாளிலும் புள்ளி இல்லை.

இனிப் பிழைகள். பிழை இல்லாமல் இது ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு மாணவி தன்னுடைய கோப்புக்கு ஆசையாகத் தமிழ் என்றே பெயர் வைத்துச் சேமித்தாள். ஓடவிட்டால் "தமிழ் இஸ் நொட் எ பெக்கேஜ்" என்று சிவப்பில் வந்தது. அரை மணித்தியாலம் தலையைப் பிய்த்தோம். காரணம், இம்போர்ட் என்றதும் பைதன் முதலில் தேடுவது ஓடுகிற செய்நிரல் இருக்கும் அதே கோப்புறையில். தமிழ் எங்கே என்று தேடிப் போய் அவளுடைய கோப்பையே பிடித்துக்கொண்டு, இதற்குள் ஒன்றும் இல்லையே என்று கத்தியிருக்கிறது. பெயரை மாற்றினோம், சரியானது. நிறுவும்போது பெயர் ஓப்பன்-தமிழ், இம்போர்ட் செய்யும்போது வெறும் தமிழ் என்பதும் குழப்பம்தான். இரண்டு பெயரும் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. இந்த மாதிரி விஷயம் கொப்பியில் எழுதி வராது.

இப்போது ஒரு கோப்பு மாறியது. மீதி 42. செய்நிரலுக்குள்ளேயே கோப்பின் பெயரை எழுதி வைத்திருந்தார்கள். அடுத்த கோப்புக்குச் செய்நிரலைத் திறந்து, பெயரை அழித்து, புதுப் பெயரை எழுதி, சேமித்து, ஓடவிட்டு, திரும்பத் திறந்து. ஏழாவது கோப்பில் ஒருத்தி மேற்கோள் குறியையும் சேர்த்து அழித்துவிட்டாள், எல்லாம் நின்றுபோனது. அப்போதுதான் இரண்டாவது பாலத்துக்கு வந்தோம்.

மில்லுக்கு மிளகாய் கொண்டு போனால் மிளகாய்த்தூள் வரும், அரிசி கொண்டு போனால் மா வரும். மெசின் ஒன்றுதான். ஒவ்வொரு வீட்டு அரிசிக்கும் மில்காரர் மெசினைக் கழற்றிப் பூட்டுவதில்லை. பிள்ளைகள் எழுதிய செய்நிரல் ஒரு கிலோ மிளகாயை உள்ளே வைத்து வெல்டிங் செய்த மில். அதை வெட்டித் திறந்து, வெளியே ஒரு வாய் வைப்பதுதான் கட்டளை வரி ஆர்கியுமென்ட். "இம்போர்ட் சிஸ்" என்று ஒரு வரி. பிறகு கறுப்புத் திரையில் பைதன், செய்நிரலின் பெயர், ஒரு இடைவெளி விட்டுப் பழைய கோப்பின் பெயர், இன்னொரு இடைவெளி, புதிய கோப்பின் பெயர். இவை எல்லாம் "சிஸ்.ஆர்க்வி" என்ற பட்டியலில் வந்து உட்கார்ந்துவிடும். பூச்சியத்தில் செய்நிரலின் பெயர், ஒன்றில் முதலாவது, இரண்டில் அடுத்தது.

சின்ன விஷயம்தான். ஆனால் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு பிள்ளை எழுதியதை இன்னொரு பிள்ளை, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலேயே பாவித்தாள். எழுதினவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

இடைவெளியில் அடுத்த பிரச்சினை வந்தது. கோப்பின் பெயர் "சோனகத் தெரு 2" என்று இருந்தது. கட்டளை வரி இடைவெளியைக் கண்டால் வெட்டிவிடும், அதற்கு அது மூன்று தனித்தனி விபரம். இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் ஒன்றாக எடுக்கும். முஹம்மது ஹனீபா என்று பெயர் வைத்திருக்கிற சமூகத்துக்கு இது கட்டாயம் தெரியவேண்டிய விஷயம்! இன்னொன்று, கறுப்புத் திரையில் தமிழ் பெரும்பாலும் கட்டம் கட்டமாகத்தான் தெரிகிறது. பிள்ளைகள் பயந்துவிட்டார்கள். அது காட்டுகிற எழுத்துருவின் குறை, உள்ளே தமிழ் சரியாகத்தான் போகிறது. கோப்பைத் திறந்து காட்டிய பிறகுதான் நம்பினார்கள். "எல்லாத்தையும் மாற்று" என்று நட்சத்திரக் குறி போட்டுப் பார்த்தார்கள், விண்டோஸில் அதை விரித்துக் கொடுக்கிற ஆள் இல்லை. லினக்ஸில் கட்டளைத் திரையே விரித்துக் கொடுத்துவிடும். இங்கே குளொப் என்ற மொடியூலை இம்போர்ட் செய்து நாங்களே விரிக்கவேண்டி இருந்தது. பாருங்கள், ஒரு பாலத்தால் போனால் மற்றப் பாலத்துக்கு வருகிறோம்.

43 கோப்பும் மாறியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் ஒன்றைத் திறந்து வாசித்தேன். பெயர்கள் எல்லாம் அழகாக வந்திருந்தன. அடையாள அட்டை இலக்கத்தைப் பார்த்தால், ஒன்பது இலக்கம், கடைசியில் ஏ. எல்லோருடைய அட்டையிலும் ஏ. பழைய அட்டையில் கடைசியில் ஆங்கில வீ இருக்கும் அல்லவா. பாமினியில் பெரிய வீ என்றால் ஏ. செய்நிரல் தன் வேலையை நேர்மையாகச் செய்திருக்கிறது! எக்ஸ் இருந்தவர்களுக்கு ஓ. ஆங்கிலத்தில் மூர் ஸ்ட்ரீட் என்று அடித்திருந்த இடத்தில் மூர் "ஆழழச" ஆகிக் கிடந்தது. வாய்விட்டுச் சிரித்தோம். ஆனால் யாரும் வாசித்துப் பார்க்காமல் இது ஏதாவது அலுவலகத்துக்குப் போயிருந்தால் சிரிப்பு வந்திருக்காது.

அதற்கும் ஒரு இம்போர்ட். ஆர்.ஈ. என்ற மொடியூல் பைதனோடு கூடவே வருகிறது, நிறுவத் தேவையில்லை. ஒன்பது இலக்கத்துக்குப் பின்னால் ஏ வந்தால் அதைத் திரும்ப வீ ஆக்கு, ஓ வந்தால் எக்ஸ் ஆக்கு. ஒவ்வொன்றும் ஒரே வரி. ஆழழசவைக் கையால் திருத்தினோம், பத்துப் பன்னிரண்டு இடம்தான்.

அடுத்தது என்னுடைய பிழை. பிள்ளைகளுக்கு முன்னால் ஒத்துக்கொண்டேன், இங்கேயும் எழுதுகிறேன். திருத்திய செய்நிரலைத் திரும்ப ஓடவிடும்போது அவசரத்தில் இரண்டு பெயரையும் மாற்றி அடித்துவிட்டேன். முதலில் புதியது, பிறகு பழையது. முதல் தடவை என்றால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று நின்றிருக்கும். இது இரண்டாம் தடவை, புதிய கோப்பு ஏற்கெனவே இருந்தது. செய்நிரல் ஒன்றும் கேட்காமல் புதியதை வாசித்து, பழையதின் மேல் எழுதிவிட்டது. அசல் போய்விட்டது. புத்தளத்தில் உட்கார்ந்து ஒரு மனிதர் இரவிரவாக அடித்த அந்த ஒழுங்கையின் அசல். ஹாஜியாரின் சிடி பத்திரமாக இருந்தபடியால் தப்பினேன், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த ஐந்து நிமிடம் எனக்கு வியர்த்த வியர்வை எனக்குத்தான் தெரியும்.

வாப்பா சொன்ன அந்தக் கறுப்புத் திரைப் பிள்ளைதான் அன்று வீட்டுக்குப் போய் இதைச் சரிசெய்து கொண்டு வந்தாள். ஓ.எஸ். மொடியூலை இம்போர்ட் செய்து, எழுதப்போகிற கோப்பு ஏற்கெனவே இருந்தால் எழுதாமல் நின்றுவிடும்படி ஒரு சோதனை. விபரம் குறைவாகக் கொடுத்தால் "இண்டெக்ஸ் எரர்" என்று ஆங்கிலத்தில் சீறாமல், எப்படிப் பாவிப்பது என்று தமிழில் சொல்லும்படி ஒரு செய்தி. பிறகு நான் காட்டிக்கொடுக்காமலேயே ஆர்க்பார்ஸ் என்ற மொடியூலைத் தேடிப் பிடித்து, எது பழைய கோப்பு எது புதிய கோப்பு என்று பெயர் சொல்லிக் கொடுக்கும்படி மாற்றிவிட்டாள். இப்போது இடம் மாறி அடித்தாலும் பிழைக்காது. உதவி கேட்டால் அவள் எழுதிய தமிழ் விளக்கம் திரையில் வரும். சேருக்கு வந்த பிழை இன்னொருவருக்கு வரக்கூடாது என்று அந்தப் பிள்ளை யோசித்திருக்கிறாள். பதினெட்டு வயது.

வாப்பா, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். பரீட்சைப் பைதனில் பிள்ளை திருத்துகிறவருக்காக எழுதுகிறது. திருத்துகிறவர் கெட்டிக்காரர், குறை இருந்தாலும் விளங்கிக்கொண்டு புள்ளி போடுவார். இங்கே பிள்ளை தன்னைத் தெரியாத, தன் செய்நிரலைத் திறந்தே பார்க்காத ஒருவருக்காக எழுதுகிறது. அவர் அவசரக்காரர், பெயரை மாற்றி அடிப்பார், இடைவெளி விடுவார், ஒன்றுமே கொடுக்காமல் என்டரை அழுத்துவார். அவரை மனதில் வைத்து எழுதுகிற பிள்ளைதான் நாளைக்குக் கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலைக்குப் போனால் நிற்கும். இந்தப் பாடத்தைக் கடைசித் தவணையில் நேரம் கிடைத்தால் பார்ப்போம் என்று வைக்கிற வழக்கம் எங்களிடம் இருக்கிறது. நானும் பல வருடம் அப்படித்தான் வைத்தேன். அது பிழை என்று இப்போது நினைக்கிறேன். சார்பு படித்த அடுத்த கிழமையே இம்போர்ட்டும் சிஸ்.ஆர்க்வியும் வரவேண்டும்.

புள்ளி குறையுமா என்றால், குறையாது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். இரண்டு கிழமை இரண்டு கிழமைதான். ஆனால் கோப்பு வாசிப்பது, எழுதுவது, பட்டியல், சுட்டெண், சுற்று, சார்பு எல்லாம் பாடத்திட்டத்தில் உள்ளவைதான், அவை எல்லாவற்றையும் இந்த இரண்டு கிழமையில் அவர்கள் கையால் செய்தார்கள். பட்டியல் பூச்சியத்தில் தொடங்கும் என்று பத்துத்தரம் சொல்லியும் மறக்கிற பையன், பூச்சியத்தில் செய்நிரலின் பெயர் உட்கார்ந்திருப்பதைக் கண்டபிறகு மறக்கவில்லை. கட்டளை வரியில் வருவது எல்லாம் சரம்தான், 5ஐயும் 7ஐயும் கொடுத்துக் கூட்டச் சொன்னால் 57 என்று வரும், இன்ட் போட்டு மாற்றவேண்டும் என்பதையும் அன்றைக்கே கண்டுகொண்டார்கள். பல்தேர்வில் அடிக்கடி கோட்டை விடுகிற இடம் அது.

ரியூசன் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும், கோபம் வந்தாலும் பரவாயில்லை. பாஸ்ட் பேப்பரை மனப்பாடம் செய்விக்க ஆள் நிறைய இருக்கிறார்கள், அதற்கு நீங்கள் காசும் கொடுக்கிறீர்கள். பாடசாலையும் அதையே செய்வதென்றால் பாடசாலை எதற்கு?

உண்மையான தடை வேறு. ஆய்வுகூடத்தில் ஒரு கணினிக்கு மூன்று பேர். சிவப்பில் வருகிற பிழைச் செய்தி எல்லாம் ஆங்கிலம், தமிழ் மொழி மூலம் படிக்கிற பிள்ளை அதை வாசிக்காமலேயே என்னைக் கூப்பிடுகிறது. நான் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன், பிழை வந்தால் கடைசி வரியைச் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் சேரைக் கூப்பிடவேண்டும். "நோ மொடியூல் நேம்ட்" என்று பத்துத்தரம் வாசித்தால் அர்த்தம் தானாக வருகிறது. வீட்டில் பழைய மடிக்கணினி சும்மா கிடந்தால், பைதனுக்கு அது தாராளமாகப் போதும். பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம், மாலையில் ஆய்வுகூடத்தில் நிற்க அவர்களுக்கு வழியில்லை, வீட்டில் ஒன்று இருந்தால்தான் பையன்களோடு சமமாக வருவார்கள். கறுப்புத் திரையில் என்னமோ அடிக்கிறாள் என்றால் கொஞ்சம் அடிக்க விடுங்கள்.

பட்டியல் இப்போது தேடக்கூடியதாக இருக்கிறது. அடையாள அட்டை இலக்கங்களை நீக்கிய பிரதி ஒன்றை மூத்தவர்களிடம் காட்டி, சரி பிழை பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஹாஜியாருக்கு அவருடைய ஒழுங்கையைத் தேடிக் காட்டியபோது வாப்பும்மாவின் பெயரைக் கண்டுவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

இன்னும் ஆறு கோப்புகள் கிடக்கின்றன. சிடியின் இன்னொரு கோப்புறையில் இருந்தவை, பாமினி இல்லை, வேறு ஏதோ எழுத்துரு. தொகுப்பில் உள்ள மற்ற மாற்றிகளை ஒவ்வொன்றாகப் பிள்ளைகள் பரீட்சித்துப் பார்க்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் பழைய சிடி, பழைய ஹார்ட் டிஸ்க், புத்தளத்திலோ நீர்கொழும்பிலோ அடித்த கடிதம், ஜமாஅத் கணக்கு, பாடசாலை மலர் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு ஐந்து சந்திப் பக்கம் இருப்பேன், கொண்டு வாருங்கள். அசலைத் தரவேண்டாம், பிரதி எடுத்துக்கொண்டு வாருங்கள். காரணம் மேலே எழுதியிருக்கிறேன்.